ரோஸ்லினுக்கு வாங்கின ஹெட்போன்

அனுமந்தன்பட்டியில் ரோஸ்லின் தைக்கிற ஜாக்கெட்டுக்கு ஒரு பேர் உண்டு. தோள் இறங்காது, கழுத்து விரியாது. வீட்டு முன்னறையில் ஜன்னலை ஒட்டி மிஷினைப் போட்டிருந்தாள். காலையில் உட்கார்ந்தால் பொழுது சாய்கிற வரைக்கும் மிதிதான். பாட்டுக் கேட்காமல் அவளுக்கு ஊசி ஓடாது. போனில் பழைய சினிமாப் பாட்டாகப் போட்டு, காதுக்குள் சொருகுகிற சின்னக் குமிழ் இரண்டையும் திணித்துக்கொள்வாள். மாதக்கணக்கில் அப்படியே சொருகிச் சொருகி, ஐப்பசி மழை பிடித்த சமயத்தில் இரண்டு காதும் புண்ணாகிச் சீழ் வைத்துவிட்டது. தேனியில் பார்த்த காது டாக்டர், இனிமேல் காதுக்குள் ஒன்றும் நுழையக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

பாட்டு அவளுக்குப் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் நாள் முழுக்கக் காதை அடைத்துக்கொண்டதற்குப் பாட்டு மட்டும் காரணம் இல்லை. பின்னறையில் அவள் புருஷன் ரூபனுடைய அண்ணன் பீட்டர்ராஜ் படுக்கையில் கிடந்தார்.

பீட்டர்ராஜ் ஜீப் ஓட்டியவர். விடியக் கருக்கலில் ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு மலை ஏறுவார், சாயங்காலம் இறக்கிவிடுவார். தாய் தகப்பன் போன பிறகு தம்பியை வளர்த்து, படிக்க வைத்து, கல்யாணமும் முடித்து வைத்தார். தனக்கென்று ஒன்றும் பார்த்துக்கொள்ளவில்லை. போன வருஷம் ஒரு மழை நாளில் வெறும் ஜீப்போடு இறங்கும்போது வளைவில் வண்டி கவிழ்ந்தது. உயிர் தப்பியது. தலையில் பட்ட அடியில் வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இடது கை மட்டும் வேலை செய்யும். ஏதாவது வேண்டுமென்றால் அந்தக் கையில் ஒரு எவர்சில்வர் டம்ளரைப் பிடித்துக் கட்டில் கம்பியில் தட்டுவார்.

தண்ணீர் வேண்டுமென்றால் தட்டுவார். புரட்டிப் போட வேண்டுமென்றால் தட்டுவார். ஒன்றும் வேண்டாமல் சும்மாவும் தட்டுவார். யாராவது வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போகட்டும் என்றுதான் போலிருக்கிறது. மிஷின் சத்தத்தையும் தாண்டி அது ரோஸ்லினின் பல்லுக்குள் வந்து இறங்கும். எழுந்து போய் எழுந்து போய் அவளுக்குத் துணி நகராது. ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

"எனக்கு அந்தச் சத்தம் மட்டும் கேக்காம இருந்தாப் போதும். வேற ஒண்ணும் வேணாம்" என்றாள் ரூபனிடம்.

ரூபன் திராட்சைப் பெட்டி போடுகிற ஷெட்டில் மேற்பார்வை வேலை பார்த்தான். அதிகம் பேசமாட்டான். அண்ணனைக் குளிப்பாட்டுவது, மலம் எடுப்பது எல்லாம் அவன்தான். அவன் முகம் சுளித்து ஒருநாளும் அவள் பார்த்ததில்லை. அன்றைக்கும் சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டான். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், "கிளம்பு, தேனிக்குப் போயி நல்ல ஹெட்போனா வாங்குவோம்" என்றான். பக்கத்து வீட்டு வியாகுலமேரியை அண்ணனுக்குத் துணையாக உட்கார வைத்துவிட்டு இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள்.

தேனி பஜாரில் அந்தக் கடையை நடத்தியது ஜெபஷீலா என்கிற அம்மாள். ரோஸ்லினை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, நிதானமாக விசாரித்தாள். எவ்வளவு நேரம் கேட்பாய், உட்கார்ந்தா படுத்தா, கண்ணாடி போடுகிறாயே எந்நேரமுமா, தலை வேர்க்குமா.

"நாள் பூராம் தைக்கும்போது கேப்பேன்கா" என்றாள் ரோஸ்லின்.

"அப்ப வயர் வேணாம்மா, மிஷின் சக்கரத்துல சுத்திக்கிரும். புளூடூத்தே எடுத்துக்க" என்று சொல்லிவிட்டு ஜெபஷீலா வரிசையாக எடுத்து வைத்தாள்.

முதலில் போட்டது காதுமடல் மேலேயே உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்திலேயே மடலை நசுக்கி, கண்ணாடிக் காம்பைத் தலையோடு அழுத்தியது. அடுத்தது காதைச் சுற்றி உட்கார்ந்தது, ஆனால் கனம். குனிந்து ஊசியில் நூல் கோப்பதுபோல் செய்து பார்த்தாள், முன்னால் வழுக்கிக்கொண்டு வந்தது. இன்னொன்றின் பின்பக்கம் சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. காற்று புகுந்து புறப்பட்டதில் காது குளிர்ந்து கிடந்தது. பாட்டும் ஏதோ எதிரில் உட்கார்ந்து பாடுவதுபோல் விரிந்து கேட்டது. ரோஸ்லினுக்கு அதன் மேல் ஆசை வந்துவிட்டது.

"அது திறந்த வகை" என்றாள் ஜெபஷீலா. "உள்ள ஓடுற பாட்டு வெளிய கேக்கும், வெளிச் சத்தமும் உள்ள வரும்."

"அது வேணாம். மூடினதாக் காட்டுங்க" என்றான் ரூபன்.

கடைக்குள் வந்ததிலிருந்து அவன் பேசிய முதல் பேச்சு அதுதான்.

மூடின வகையில் இரண்டு மிச்சம் நின்றன. ஒன்றுக்குக் காதுப் பஞ்சின் மேல் துணி உறை, இன்னொன்றுக்குத் தோல் மாதிரி உறை. துணி உறை மெத்தென்று இருந்தது, வேர்க்கவும் வேர்க்காது. ஜெபஷீலா ரோஸ்லினை அதைப் போட்டுக்கொண்டு கடைக்குள் நடக்கச் சொன்னாள், தலையை ஆட்டச் சொன்னாள், கொஞ்ச நேரம் சும்மா உட்காரச் சொன்னாள். "ரொம்ப நேரம் போடுறவங்களுக்கு இதான் சுகம். ஆனா துணியில லேசாச் சத்தம் கசியும். தோல் உறை இறுக்கமா மூடிக்கிரும். சூடா இருக்கும், அப்பப்ப கழட்டித் துடைச்சுக்கணும்."

"துணியே இருக்கட்டுங்க" என்றாள் ரோஸ்லின் ரூபனைப் பார்த்து.

அவன் தோல் உறை போட்டதை எடுத்துத் தன் கையாலேயே அவள் தலையில் மாட்டினான். முடியை ஒதுக்கி, கண்ணாடிக் காம்புக்கு மேல் பஞ்சு இடைவெளி இல்லாமல் உட்காருகிறதா என்று விரலால் சுற்றித் தடவிப் பார்த்தான். கல்யாணமான புதிதில்கூட அவன் அவ்வளவு கவனமாகத் தொட்டதில்லை. பாட்டைப் போடச் சொல்லிவிட்டு அவள் முதுகுக்குப் பின்னால் போனான்.

எதிரே கண்ணாடி அலமாரியில் அவன் உருவம் மங்கலாகத் தெரிந்தது. வாய் திறந்து மூடியது. ரோஸ்லின் என்கிற வாயசைவு அவளுக்குத் தெரிந்தது, குரல் வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டான், கழுத்து நரம்பு புடைத்தது. அப்புறம் அவன் மேஜையில் யாரோ டீ குடித்து வைத்திருந்த டம்ளரை எடுத்து, பெட்டிகள் அடுக்கியிருந்த இரும்பு ராக்கில் ஓங்கித் தட்டினான். ஜெபஷீலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாசலோடு போன ஒரு ஆள் நின்று திரும்பிப் பார்த்தார். ரூபன் நிறுத்தாமல் தட்டினான். ரோஸ்லினுக்குப் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அவன் முன்னால் வந்து ஹெட்போனைத் தூக்கினான். "கேட்டுச்சா?"

"ஒண்ணுமே கேக்கல."

ரூபன் சிரித்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் பல் தெரியச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தாள். "இதையே போட்டுருங்க" என்றான் ஜெபஷீலாவிடம்.

ஜெபஷீலா உடனே எழவில்லை. "எதுக்குத் தம்பி டம்ளரைத் தட்டிப் பாக்குறீக?" என்று கேட்டாள். ரோஸ்லின்தான் வீட்டு நிலைமையைச் சொன்னாள். கேட்டுவிட்டு அந்த அம்மாள், "படுக்கையில ஆள் இருக்காகன்னா ஒரு காதையாவது ஒதுக்கி விட்டுக்கம்மா. முழுசா மூடிக்கிறாத" என்றாள்.

"அண்ணனை நான் பாத்துக்குவேன்" என்றான் ரூபன்.

அந்த ஹெட்போன் வந்த பிறகு ரோஸ்லினுக்கு வீடே மாறிப்போனது. கிறிஸ்துமஸ் துணி வந்து குவிகிற நேரம். தோல் உறை சூடாகத்தான் இருந்தது. காதோரம் வேர்வை இறங்கினால் கழற்றி, பஞ்சைப் பழைய வாயல் துணியால் ஒற்றி, மறுபடியும் மாட்டிக்கொள்வாள். மற்றபடி மடல் வலிக்கவில்லை, உச்சந்தலை கனக்கவில்லை. சாயங்காலம் கழற்றும்போது தலையில் ஒன்று இருந்ததே நினைவில்லை. டம்ளர் சத்தம் அடியோடு நின்றது. மிஷின் சத்தம்கூடக் காலில் உணர்கிற அதிர்வாக மட்டும் மிஞ்சியது.

ரூபனும் மாறிப்போனான். மத்தியானம் ஷெட்டிலிருந்து வந்து அண்ணனுக்குக் கஞ்சி கொடுப்பதைத் தானே எடுத்துக்கொண்டான். "உனக்கு வேலை கிடக்கு. நீ எந்திரிக்காத" என்றான். கொஞ்ச நாள் போனதும் காலைக் கஞ்சியையும், அப்புறம் ராத்திரிக் கஞ்சியையும் எடுத்துக்கொண்டான். கண்டபடி தண்ணீர் கொடுத்தால் மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடுமாம், டாக்டர் சொன்னாராம், அதற்கு ஒரு பக்குவம் இருக்கிறதாம். தனக்குத்தான் அது கைவந்திருக்கிறது என்றான். ஹெட்போனில் சார்ஜ் இருக்கிறதா என்று காலையில் மறக்காமல் பார்த்துவிட்டுப் போவான். மத்தியானம் அவன் வருகிற நேரம் அவள் வெறுங்காதோடு இருந்தால், மேஜையிலிருந்து எடுத்து அவனே மாட்டிவிட்டுத்தான் பின்னறைக்குப் போவான்.

ரோஸ்லினுக்கு அது பிடித்திருந்தது. தன்மேல் இவ்வளவு கரிசனமா என்று மனசுக்குள் குளிர்ந்து போனாள். பின்னறைப் பக்கம் போகவேண்டிய வேலை ஒவ்வொன்றாகக் குறைந்ததும், அவளும் போவதைக் குறைத்துக்கொண்டாள். காலையில் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பாள், போர்வை ஏறி இறங்குவது தெரியும், மூடிவிடுவாள்.

ஒரு காலையில் ரூபன் குளிக்கப் போயிருந்தபோது போர்வையை எடுக்க உள்ளே போனாள். பீட்டர்ராஜ் இடது கையால் அவள் சேலையைப் பிடித்தார். அந்தக் கையில் மணிக்கட்டு எலும்பு தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. உதடு வெடித்து, ஓரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. கண் அவளைப் பார்த்தது, அப்புறம் மூலையில் இருந்த தண்ணீர்க் குடத்தைப் பார்த்தது, மறுபடி அவளைப் பார்த்தது. கட்டில் தலைமாட்டில் டம்ளர் இல்லை.

"டம்ளரை எங்க?" என்று ரூபனிடம் கேட்டாள்.

"அதை வச்சு நெத்தியில அடிச்சுக்கிட்டாரு. நான்தான் எடுத்து வச்சிட்டேன்" என்றான் தலையைத் துவட்டிக்கொண்டே.

"ரொம்ப மெலிஞ்சிட்டாகளே."

"படுத்தபடியே இருக்குற உடம்பு அப்படித்தான் போகும். நீ மனசைப் போட்டுக் குழப்பிக்காத. சார்ஜ் ஏத்திட்டியா?"

ஏற்றியிருந்தாள். மாட்டிக்கொண்டு மிஷினில் உட்கார்ந்தாள். ஆனால் அந்தக் கண் தண்ணீர்க் குடத்துக்குப் போய்த் திரும்பியது அன்றைக்கு முழுக்க அவள் முன்னால் நின்றது. குளித்துவிட்டு வந்த கையோடு ரூபன் கஞ்சி கொடுத்திருப்பானே, தண்ணீரும் கொடுத்திருப்பானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே பாட்டை ஒரு படி கூட்டி வைத்தாள்.

மத்தியானம் மழை விட்டிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் வீட்டுக்குப் பக்கத்துச் சந்தில் காக்காய்கள் கூட்டமாக இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தன. கொல்லைச் சாக்கடை அந்தச் சந்து வழியாகத்தான் போகும். வாயைப் பிளந்து பிளந்து கத்துகின்றன என்று தெரிந்தது. அவளுக்குக் கேட்கவில்லை. ரூபன் பின்னறைக் கஞ்சிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, முழுசும் குடித்தார் என்று கையால் சைகை காட்டிப் போனான். மறுநாளும் அதே நேரத்துக்குக் காக்காய்கள் வந்தன.

அந்த வாரக் கடைசியில் வியாகுலமேரி ஜாக்கெட் வாங்க வந்தாள். ரோஸ்லின் ஹெட்போனைக் கழுத்தில் இறக்கிக்கொண்டு போட்டுப் பார்க்கக் கொடுத்தாள். கண்ணாடி முன்னால் நின்று கையைத் தூக்கிப் பார்த்த வியாகுலமேரி, "ஏத்தா, பெரியவருக்கு அம்புட்டு முடியலையா?" என்று கேட்டாள்.

"ஏன்க்கா?"

"உங்க வீட்டுக்காரக சாமியாரைப் பாத்து நோயில்பூசுதலுக்குச் சொல்லிட்டு வந்தாகளாம். கிறிஸ்துமஸுக்கு முன்னாடி வரணும்னு சொன்னாகளாம். கோயில்ல கூட்டுற பிள்ளை சொல்லுச்சு."

சாகக் கிடக்கிறவர்களுக்குச் சாமியார் வந்து எண்ணெய் பூசுகிற சடங்கு அது. ரூபன் போய்ச் சொன்னது ரோஸ்லினுக்குத் தெரியாது. வியாகுலமேரி ஜாக்கெட்டை மடித்துக்கொண்டே பேசினாள். "மனசு கேக்காமத்தான் கேக்குறேன். மத்தியானத்துல அவரு போடுற சத்தம் எங்க அடுப்படி வரைக்கும் வந்துச்சு. மாடு கத்துற மாதிரி அடிவயித்துல இருந்து. நீ இங்கனயே இருக்க, உனக்கு எப்படிக் கேக்காமப் போச்சுன்னு எங்க வீட்டுல பேசிக்கிட்டோம்."

ரோஸ்லின் கழுத்தில் கிடந்த ஹெட்போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"இப்ப ரெண்டு மூணு நாளா அந்தச் சத்தமும் இல்ல" என்றாள் வியாகுலமேரி.

அன்றைக்குச் சாயங்காலம் ரூபன் வந்தபோது ரோஸ்லின் ஒன்றும் கேட்கவில்லை. என்னவென்று கேட்பது. அவன் அண்ணனுக்கு வெந்நீரில் உடம்பு துடைத்துவிட்டான், பவுடர் போட்டான், மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்து ஜெபமாலை சொன்னான். அவனுக்குப் பின்னால் முழங்காலில் நின்று பதில் ஜெபம் சொல்லும்போது, அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருஷம் பக்கத்தில் படுத்த முதுகு. அது யாருடையதோ மாதிரி இருந்தது.

மறுநாள் மத்தியானம் அவன் வருகிற நேரத்துக்கு முன்னாலேயே ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பாட்டுப் போடவில்லை. பாட்டில்லாமல் அதை மாட்டினால் குளத்துக்குள் முங்கினது மாதிரி இருந்தது. தன் மூச்சு தனக்கே இரைந்தது. பைக் வந்து நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ரூபன் உள்ளே வந்தான். அவளைப் பார்த்து நின்றான். அவள் பாட்டுக்கு ஆடுவதுபோல் தலையை லேசாக ஆட்டிக்கொண்டு மிதித்தாள். அவன் பின்னால் வந்து நிற்பது கழுத்து மயிரில் தெரிந்தது. "ரோஸ்லின்" என்று கூப்பிட்டான். பஞ்சைத் தாண்டி, தூரத்தில் கூப்பிடுவது மாதிரிக் கேட்டது. அவள் திரும்பவில்லை. தைத்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பின்னறைக் கதவு திறந்தது.

ரோஸ்லின் இடது காதுப் பஞ்சை ஒரு விரல் அளவு விலக்கினாள். கால் மிதிப்பதை நிறுத்தவில்லை. மிஷின் நின்றால் அவனுக்குத் தெரிந்துவிடும்.

முதலில் காக்காய்ச் சத்தம்தான் கேட்டது. கொல்லைக் கதவு திறந்தது. சட்டியில் இருந்ததைச் சாக்கடையில் ஊற்றுகிற சத்தம், சட்டியைக் கழுவுகிற சத்தம். அப்புறம் கட்டில் கிறீச்சிட்டது. அவன் அண்ணன் பக்கத்தில் உட்காருகிறான்.

"இன்னும் கொஞ்ச நாள்தான்ணே" என்றான் ரூபன். குழந்தையைத் தூங்க வைக்கிற குரல். "உன்னாலயும் முடியல, என்னாலயும் முடியல. சாமியாரு வந்து பூசிட்டுப் போகட்டும். நல்ல சாவா இருக்கட்டும். அழாதண்ணே. கத்தாத. கத்துனாலும் அவளுக்குக் கேக்காது."

பதிலுக்கு ஒரு சத்தம் வந்தது. சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது, காய்ந்த தொண்டைக்குள் காற்று உரசியது. அதைக் கேட்டு ரூபன் அழுதான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவன் அழுவதைக் கேட்டபோதுதான் ரோஸ்லினுக்குப் பயம் உடம்பு முழுக்கப் பரவியது. வெறி பிடித்தவனாக இருந்தால்கூடப் புரிந்திருக்கும். அவன் பிரியத்தோடு செய்துகொண்டிருந்தான்.

பஞ்சை மூடினாள். அவன் வெளியே வந்து காலிச் சட்டியைக் காட்டினான். அவள் சிரித்தாள். துணி எப்போதோ ஊசியைத் தாண்டிப் போயிருந்தது, வெறும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தானா என்று தெரியவில்லை. பைக் கிளம்பித் தெரு முனை திரும்புகிற வரைக்கும் மிதித்துக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் ஓடினாள். பீட்டர்ராஜ் கண்ணை மூடிக் கிடந்தார். கன்னம் ஒட்டிப்போய், தாடை எலும்பு ஒருபக்கம் சரிந்திருந்தது. நாக்கு தடித்து வெளுத்திருந்தது. ரோஸ்லின் கொல்லைக் கதவில் நின்று, "வியாகுலக்கா, நூத்தியெட்டுக்குப் போன் போடுக்கா, சீக்கிரம்" என்று கூப்பிட்டாள். திரும்பி வந்து ஸ்பூனில் தண்ணீர் எடுத்து அவர் உதட்டில் விட்டாள். ஓரமாக வழிந்தது. பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தாள். பஞ்சை அவர் பல்லால் கவ்விக்கொண்டார்.

"விடுங்க மச்சான், இன்னும் தாரேன். விடுங்க" என்று கெஞ்சினாள்.

நிமிர்ந்தபோது ரூபன் நிலைப்படியில் நின்றான். பைக் சத்தம் கேட்டது அவளுக்கு நினைவில்லை. பாதி வழியில் என்ன தோன்றியதோ, திரும்பி வந்திருக்கிறான். அவள் கையில் இருந்த ஸ்பூனைப் பார்த்தான். வெறுங்காதாக இருந்த அவள் தலையைப் பார்த்தான்.

"எப்பருந்து கேக்குற?" என்றான்.

அவள் கட்டிலுக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றாள். "ஆம்புலன்ஸ் வருது. அக்கா போன் போட்டாச்சு" என்றாள். அக்கா போட்டாளா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது.

ரூபன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளும் கத்தியிருப்பாள். அவன் சுவரில் சாய்ந்து, ரொம்பக் களைத்த ஆள் மாதிரி அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"நீதான சொன்ன" என்றான். "அந்தச் சத்தம் மட்டும் கேக்காம இருந்தாப் போதும், வேற ஒண்ணும் வேணாம்னு."

"நான் இதைச் சொல்லல."

"வேற எதைச் சொன்ன?"

ரெண்டு பேருக்கும் நடுவில் பீட்டர்ராஜ் பஞ்சைச் சப்புகிற சத்தம் மட்டும் இருந்தது. ரூபன் எழுந்தான். அவளைத் தாண்டிக் கட்டில் பக்கம் வந்தான். அவள் ஒதுங்கவில்லை. ஸ்பூனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், அதை வைத்து என்ன செய்துவிட முடியும் என்று தெரியாமலேயே. அவன் கை அவள் தோளைத் தொட்டது. ஓரமாகத் தள்ளுகிற கையா, சும்மா வைத்த கையா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அந்த நேரத்தில் வியாகுலமேரி கொல்லை வழியாக உள்ளே வந்துவிட்டாள், அவளோடு அவள் மருமகனும். "வண்டி கெளம்பிருச்சாம், இந்தா வந்துரும்" என்றவள், கட்டிலைப் பார்த்ததும் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

ரூபன் கையை எடுத்துக்கொண்டான்.

ஆம்புலன்ஸ் வந்தபோது ஸ்ட்ரெச்சரில் தூக்கி வைக்க அவனும் கை கொடுத்தான். அண்ணனுடைய செத்துப்போன வலது கால் தொங்கிவிடாமல், எப்போதும் பிடிக்கிற மாதிரி முழங்காலுக்கு அடியில் கை கொடுத்துத் தாங்கினான். வண்டிக்குள் ரோஸ்லின் ஏறினாள். அவன் பைக்கில் பின்னாலேயே வந்தான். வண்டியின் பின் கண்ணாடி வழியாக, உத்தமபாளையம் ரோட்டில் அவன் முகம் கொஞ்சமும் விலகாமல் கூடவே வந்ததை அவள் பார்த்துக்கொண்டே போனாள்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிய பிறகு ஒரு பெண் டாக்டர் இருவரையும் ஓரமாகக் கூப்பிட்டார். "எத்தனை நாளாச்சு இவருக்குச் சாப்பாடு தண்ணி போயி? வீட்டுல யாரு பாத்துக்கிட்டது?"

ரோஸ்லின் வாயைத் திறந்தாள். அதற்குள் ரூபன், "நான்தான் மேடம்" என்றான். கஞ்சியை நாளுக்கு நாள் குறைத்தது, கடைசியில் சாக்கடையில் ஊற்றியது, தண்ணீரை உதடு நனைகிற அளவுக்கு மட்டும் விட்டது, கேட்கக் கேட்க எல்லாவற்றையும் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை. அண்ணன் படுகிற பாட்டைத் தன்னால் பார்க்க முடியவில்லை என்றான். டாக்டர் போலீசுக்குச் சொன்னார். ரெண்டு போலீஸ்காரர்கள் வந்து அவனை அழைத்துக்கொண்டு போனார்கள். போகும்போது அவன் ரோஸ்லினைப் பார்த்து, "அண்ணனுக்கு ராத்திரி ரெண்டு தடவை புரட்டிப் போடணும். மறந்துராத" என்றான்.

பீட்டர்ராஜ் பிழைத்தார். கிறிஸ்துமஸை ஆஸ்பத்திரியிலேயே கழித்துவிட்டுத் தை பிறந்ததும் வெளியே வந்தார். ரோஸ்லின் அனுமந்தன்பட்டி வீட்டுக்குத் திரும்பவில்லை. கோம்பையில் தன் தம்பி வீட்டுக்குப் பக்கத்தில் ஒரே அறையாக வாடகைக்குப் பிடித்து, மிஷினையும் கட்டிலையும் எதிரெதிரே போட்டாள். ரூபன் ஜாமீனில் வந்துவிட்டதாகவும், பழைய ஷெட்டுக்கே வேலைக்குப் போவதாகவும், யாரோடும் பேசுவதில்லை என்றும் வியாகுலமேரி போனில் சொன்னாள். கேஸ் நடந்துகொண்டிருந்தது. சில சாயங்காலங்களில் தெரு முனை பெட்டிக்கடையில் அவன் பைக்கைச் சாய்த்து நிற்பதை ரோஸ்லினே பார்த்தாள். கிட்டே வரமாட்டான். வீட்டுப் பக்கம் பார்த்தபடி நின்றுவிட்டுப் போய்விடுவான்.

அவன் ஒருநாள் உள்ளே வந்துவிடுவானோ என்று அவள் பயந்தது உண்மை. ஆனால் நாளாக நாளாக வேறொன்று அதைவிடக் கனமாக அழுத்தியது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஸ்பூனை நீட்டினால் பீட்டர்ராஜ் வாயைத் திறந்தார். கோம்பையில் ரோஸ்லினுடைய தம்பி பெண்டாட்டி நீட்டினாலும் திறந்தார். ரோஸ்லின் நீட்டினால் உதட்டை இறுக்கி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "நான் அப்படிச் செய்ய மாட்டேன் மச்சான்" என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். அந்த வீட்டின் முன்னறையில்தான் இவளும் இருந்தாள் என்பதை அவர் மறக்கவில்லை. கத்தியது அவர் அல்லவா.

பங்குனி வெயில் ஏறின ஒரு மத்தியானம், வீட்டில் வேறு யாரும் இல்லை. தாகம் தாங்காமலோ என்னவோ, அவள் நீட்டிய ஸ்பூனுக்கு அவர் வாயைத் திறந்தார். தண்ணீரை மெல்லச் சரித்தாள். அவர் விழுங்கினார். விழுங்கி முடிகிற வரைக்கும் கண்ணை இமைக்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஸ்பூனுக்கும் அப்படித்தான் பார்த்தார்.